கம்பியில்லாமலே ‘சரி’ சொன்ன ரியூனர்

யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோன 1990களின் தொடக்க ஆண்டுகளில் வானொலி கேட்பது இருவர் சேர்ந்து செய்யும் தொழிலாக இருந்தது. ஒருவர் துவிச்சக்கரவண்டியைத் தாங்கியில் நிறுத்தி மிதிப்பார். மற்றவர், டைனமோ மின்சாரத்தில் உயிர்பெற்ற வானொலியின் குமிழைத் திருகி இரைச்சலுக்கு நடுவே மனிதக் குரலைத் தேடுவார். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். சிறுவராயிருந்த எமக்குக் கிடைத்த பணி மிதிப்பதுதான்.

வானொலியின் பின்புறத்திலிருந்து ஒரு செப்புக் கம்பி சாளரத்தின் வழியே சென்று முற்றத்து மாமரத்தில் முடியும். அதன் நீளத்தை எவரும் அளந்ததில்லை. நீளமாகவும் உயரமாகவும் கட்டினால் நன்றாகக் கேட்கும் என்பதே அன்றைய விஞ்ஞானம். கேட்பதற்கு அது போதுமானதாகவும் இருந்தது.

எமது பகுதியில் அக்காலத்தில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த அண்ணர் ஒருவர் இன்று ஜேர்மனிய நகரொன்றில் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். பல ஆண்டுகள் வேலையும் குடும்பமும் என ஓடிய பின்னர், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், ஜேர்மன் மொழியிலேயே பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் பெற்றார். நூறு வாற் வலுவுள்ள பழைய செற் ஒன்றை வாங்கினார். அதனுடன் ஒரு மாதச் சம்பளத்தின் கணிசமான பங்கைக் கொடுத்து, ஒரு தன்னியக்க அன்ரெனா ரியூனரையும் வாங்கினார். “எந்தக் கம்பியையும் இசைவிக்கும்” என்று விற்றவர் சொன்னாராம்.

எட்டு மாதங்கள் அவர் அழைத்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ரியூனரின் முகப்பில் ஒவ்வொரு முறையும் ‘1.1’ என்று அழகாக எழுத்து விழுந்தது. செற்றையும் ரியூனரையும் விற்றுவிடப் போவதாக ஒருநாள் எம்மிடம் சொன்னார். “அங்கையும் எங்கட குரல் ஒருத்தருக்கும் கேக்கேல்லை, இங்கையும் கேக்கேல்லைத் தம்பி” என்று அவர் சிரித்தபோது அது வெறும் பகிடியாக எமக்குப் படவில்லை.

பிழை அவருடையதும் அல்ல, ரியூனருடையதும் அல்ல. ரியூனரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எம்மவரில் இத்துறைக்குள் புதிதாக வருவோர் பலர் மாடிக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள். பெரிய அன்ரெனா கட்ட நிலம் இல்லாதவர்கள். ஆகவே ரியூனரைத்தான் முதலில் நம்புகிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கேட்பது வேறு, பேசுவது வேறு

சிற்றலையில் கேட்கும்போது கம்பி பொருந்தாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. வரும் குரலும் குறைகிறது, அதனுடன் வரும் வான்வெளி இரைச்சலும் அதே அளவில் குறைகிறது. ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து உயர்கின்றன. மாமரத்துக் கம்பி எம்மை ஏமாற்றாததற்குக் காரணம் இதுவே.

அலைபரப்பும்போது நிலை மாறுகிறது. இன்றைய செற்றுகள் 50 ஓம் தடங்கலுள்ள சுமைக்கு வலுவைக் கொடுப்பதற்காக அமைக்கப்பட்டவை. மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு கம்பி காட்டும் மொத்த எதிர்ப்பையே தடங்கல் என்கிறோம். அது கம்பியின் நீளம், உயரம், மீடிறன் ஆகியவற்றைப் பொறுத்து சில ஓம்களிலிருந்து சில ஆயிரம் ஓம்கள் வரை மாறும். பொருத்தமின்மையின் அளவை நிலையலை விகிதம் என்ற எண்ணால் குறிப்பர். 1 என்பது முழுப் பொருத்தம். அது 2 ஆகும்போது செல்லும் வலுவில் சுமார் 11 வீதம் திரும்பி வருகிறது. 3 ஆகும்போது 25 வீதம், 10 ஆகும்போது ஏறத்தாழ 67 வீதம். திரும்பி வரும் வலுவைக் கண்டதும் செற் தன்னைக் காத்துக்கொள்ளத் தனது வலுவைத் தானே குறைத்துவிடும்.

இவ்விடத்தில்தான் ரியூனர் வருகிறது. கம்பியின் தடங்கல் எதுவாயினும் அதை 50 ஓமாகத் தோற்றமளிக்கச் செய்து செற்றை அமைதிப்படுத்துவது அதன் வேலை. அது செய்வது அவ்வளவே. கம்பியை அது நீட்டுவதில்லை, உயர்த்துவதில்லை, நல்ல அன்ரெனாவாக மாற்றுவதுமில்லை.

ஊரிலே தோட்டத்துக்கு நீரிறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இயந்திரத்தின் வாயும் குழாயின் வாயும் வெவ்வேறு அளவாயின் இடையில் ஒரு பொருத்தியை இறுக்குவோம். இயந்திரம் திணறாமல் ஓடும். ஆனால் நீண்ட குழாயில் வழியெங்கும் ஒழுக்கு இருந்தால் வெங்காயப் பாத்திக்கு நீர் போய்ச் சேராது. இயந்திரத்தின் அருகில் நின்று ஓசையைக் கேட்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

உள்ளே நடப்பது

தன்னியக்க ரியூனரைத் திறந்தால் கம்பிச்சுருள்களான தூண்டிகள் ஒரு வரிசையும் கொள்ளளவிகள் ஒரு வரிசையும் அவற்றை இணைத்தும் துண்டித்தும் விடுகின்ற சிறு ரிலேக்களும் இருக்கும். ஒவ்வொரு உறுப்பும் முந்தியதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு பெறுமானமுடையது. ஏழு தூண்டிகளால் 128 அளவுகளையும் ஏழு கொள்ளளவிகளால் 128 அளவுகளையும் பெறலாம். கொள்ளளவியைச் செற்றின் பக்கமோ கம்பியின் பக்கமோ மாற்றி வைக்கலாம். ஆகவே மொத்தச் சேர்க்கைகள் 32,768. உள்ளிருக்கும் நுண்செயலி திரும்பும் வலுவை அளந்தபடி முதலில் பெரிய படிகளிலும் பின்னர் சிறிய படிகளிலும் தேடுகிறது. நாம் கேட்கும் ‘கிர்ர்’ என்ற ஓசை அத்தேடலின் ஓசைதான். கண்ட விடையை மீடிறனுடன் சேர்த்து நினைவில் வைக்கும் வகைகள், மறுமுறை அங்கே வரும்போது நொடிப்பொழுதில் அதே நிலைக்குத் திரும்பிவிடும்.

ரியூனருக்குத் தெரிவது தன் வாசலுக்கு வரும் தடங்கல் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். அதற்கப்பால் இருப்பது நல்ல அன்ரெனாவா, ஈரமான சுவரா, வெறும் கேபிளா என்பதை அது அறியாது.

கூரையில் நடந்த சோதனை

எமது அண்ணரின் செற் நிலவறையில் இருந்தது. பிள்ளைகள் உறங்கும் வீட்டில் நள்ளிரவுக்குப் பின் பேச வேறிடமில்லை. அங்கிருந்து சுமார் 30 மீற்றர் மெல்லிய கோஅக்சியல் கேபிள் கூரைவரை சென்றது. அதன் நுனியில் வீட்டுக்காரரின் அனுமதியுடன் ஒரு கம்பியைக் கட்டியிருந்தார். ரியூனர் நிலவறையில், செற்றின் அருகில்.

அயலூர் அமெச்சூர் கழகத்தைச் சேர்ந்த முதிய ஜேர்மனியர் ஒருவரை அவர் அழைத்து வந்த நாளில் நாமும் அங்கிருந்தோம். முதியவர் எந்தக் கருவியையும் கொண்டுவரவில்லை. கூரைக்கு ஏறிக் கேபிளின் நுனியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். 28 மெகாஹேர்ட்ஸில் பத்து வாற் வலுவுடன் ரியூனரின் பொத்தானை அழுத்தச் சொன்னார். ரிலேக்கள் கிர்ரென்று ஓடி அடங்கின. முகப்பில் ‘1.2’ என்று விழுந்தது.

அன்ரெனா என்று எதுவுமே இல்லை. இருந்தும் ரியூனர் ‘சரி’ என்றது.

அண்ணர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இவ்வளவு நாளும் நான் கேபிளோடையே கதைச்சிருக்கிறன்?” என்றார். அவர் சொன்னதை நாம் மொழிபெயர்த்துச் சொன்னதும் முதியவர் தலையசைத்தார்.

நூறு வாற்றும் எங்கே போகிறது?

அவருடைய கேபிள் ஆர்.ஜி.58 என்ற மெல்லிய வகை. 28 மெகாஹேர்ட்ஸில், நுனியில் சரியான 50 ஓம் சுமை இருந்தாலும்கூட, அது 30 மீற்றரில் சுமார் 2.5 டெசிபெல்லை விழுங்கும். நூறு வாற் அனுப்பினால் மேலே ஏறக்குறைய 56 வாற் போய்ச் சேரும். மீதி கேபிளைச் சூடாக்கும்.

நுனியில் பொருந்தாத கம்பி இருந்து நிலையலை விகிதம் 10 ஆகிவிட்டால், வலு கேபிளுக்குள் மேலும் கீழுமாகப் பலமுறை அலைகிறது. ஒவ்வொரு பயணத்திலும் கேபிள் தன் சுங்கத்தை அறவிடுகிறது. கணக்குப் போட்டால் நூறு வாற்றில் ஏறக்குறைய 24 வாற்றே அன்ரெனாவைச் சேர்கிறது. அதிலும் பெரிய ஏமாற்று என்னவெனில், அந்த 10 என்ற விகிதம் கேபிளின் கீழ் முனையில் வெறும் 2.7 ஆகத் தோன்றுவதாகும். திரும்பி வரும் வலுவையும் கேபிள் வழியிலேயே தின்றுவிடுவதால் மானிக்குக் குறைவாகவே எட்டுகிறது. ஆம், கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு மானி இனிய செய்தி சொல்லும். 2.7ஐ 1.1 ஆக்குவது எந்த ரியூனருக்கும் சிறுவேலை.

இதே ரியூனர் வேலையைக் கூரையில், கம்பியும் கேபிளும் சந்திக்கும் இடத்தில் செய்திருந்தால் கேபிள் முழுவதும் பொருத்தமான சுமையையே காணும். மேலே சேரும் வலு 24 அல்ல, 56 வாற். கேபிளையும் ஆர்.ஜி.213 போன்ற தடித்த வகையாக மாற்றினால் ஏறக்குறைய 77 வாற். செற்றை மாற்றாமல், வலுவைக் கூட்டாமல், பொருளின் இடத்தை மாற்றியதால் மட்டும் கிடைக்கும் இலாபம் இது. ஆகவே ‘எந்த ரியூனர்’ என்ற கேள்விக்கு முன்னர் ‘எங்கே வைக்கும் ரியூனர்’ என்று கேட்பதே அறிவு.

3.5 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த மீடிறன்களில் கேபிளின் இழப்பு குறைவு. கேபிளே ஐந்தாறு மீற்றர்தான் என்றாலும் இந்த வேறுபாடு சுருங்கிவிடும். அத்தகையோர் ரியூனரைச் செற்றின் அருகிலேயே வைத்துக்கொள்ளலாம். ஏணி போன்ற இருகம்பி வழியூட்டியைப் பயன்படுத்துவோருக்கும் இழப்பு மிகக் குறைவு. ஆனால் அதனைச் சுவரோடும் உலோகத்தோடும் ஒட்டவிடாமல் இழுத்துச் செல்ல வேண்டும். மாடிவீட்டில் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வாங்குமுன் சிந்திக்க வேண்டியவை

முதலாவது கேள்வி, ரியூனர் தேவையா என்பதே. ஒரே ஒரு பட்டையில் பேசினால் போதும் என்போருக்கு அரையலை இருமுனைக் கம்பியே போதும். மெகாஹேர்ட்ஸ் எண்ணால் 142.6ஐ வகுத்தால் அதன் நீளம் மீற்றரில் கிடைக்கும். 28.4 மெகாஹேர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 5 மீற்றர்தான். சற்று நீளமாக வெட்டிக் கட்டி, மானியைப் பார்த்தபடி சிறிது சிறிதாக நறுக்கினால் ரியூனருக்கு வேலையில்லை. உலகின் மலிவான ரியூனர் கத்தரிக்கோல்தான்.

இரண்டாவது, செற்றுக்குள்ளேயே ரியூனர் உண்டா என்று பாருங்கள். பல செற்றுகளில் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் விகிதம் 3 வரையே சமாளிக்கும். ஓரளவு பொருந்திய அன்ரெனாவைத் திருத்துவதற்கானவை அவை. கண்ட கம்பியையும் இசைவிக்க அவற்றை நம்ப வேண்டாம். வெளியே வைக்கும் ரியூனர்கள் 10 வரையும் அதற்கு மேலும் செல்லும்.

மூன்றாவது, கூரையிலோ பல்கனியிலோ வைக்க எண்ணினால் நீர்புகாத உறையுடன் அதற்கென்றே செய்யப்பட்ட வகையைத் தேடுங்கள். நெடுங்காலம் புழக்கத்திலிருந்த ஐகொம் ஏ.எச்.4 இவ்வகையில் நன்கறியப்பட்டது. 7 மீற்றரோ அதற்கு மேலோ நீளமுள்ள கம்பியை 3.5 மெகாஹேர்ட்ஸிலிருந்து மேல்நோக்கி இசைவிக்கும். பின்னர் அதன் இடத்துக்கு ஏ.எச்.730 வந்தது. இவை தத்தமது நிறுவனச் செற்றின் கட்டுப்பாட்டுக் கேபிளை எதிர்பார்ப்பவை. எஸ்.ஜி.சி. 230 போன்றவை எந்தச் செற்றுடனும் இயங்கும், வானலை வலு வருவதை உணர்ந்து தாமாகவே தேடத் தொடங்கும். உங்கள் செற்றுக்கு எது பொருந்தும் என்பதை வாங்குமுன் உறுதிசெய்யுங்கள்.

நான்காவது, வலு. பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் குரலுக்குரியது. குரல் இடையிடையே ஓய்வது. எப்.ரி.8 போன்ற இலக்கமுறைகளில் வலு இடைவிடாது பாய்கிறது. குரலுக்கு 125 வாற் என்று குறிக்கப்பட்ட சில ரியூனர்களுக்கு இலக்கமுறையில் 30 வாற்றே எல்லை. கையேட்டின் சிறிய எழுத்துகளை வாசிக்காதவர் கொள்ளளவிகளை எரித்துத்தான் அதை அறிவார்.

ஐந்தாவது, ரிலேயின் வகை. மின்சாரம் நின்றாலும் தன் நிலையிலேயே பூட்டி நிற்கும் ரிலேக்கள் உள்ள ரியூனர் பற்றரியில் இயங்குவோருக்கு ஏற்றது, இசைவித்தபின் மின்சாரமே கேட்காது. சாதாரண ரிலேக்கள் உள்ளது வீட்டு மின்வழங்கிக்குப் போதும், ஆனால் மின்சாரம் நின்றால் இசைவும் போய்விடும்.

ஆறாவது, பழைய பொருள் வாங்குதல். எம்மவருக்கு இது தவிர்க்கமுடியாத வழி. தவறும் அல்ல. ஆயினும் அமெரிக்காவின் எம்.எப்.ஜே. நிறுவனம் 2024 மே மாதத்தில் தனது உற்பத்தியை நிறுத்தியதை நினைவிற் கொண்டு, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று எண்ணிப் பாருங்கள். கையால் ஒட்டுவேலை தெரிந்தவர்களுக்கு ஏ.ரி.யூ.100 என்ற திறந்த வடிவமைப்பு உண்டு. ஏழு தூண்டி, ஏழு கொள்ளளவி கொண்ட அது மலிவான தொகுதியாகவும் விற்கப்படுகிறது. கற்பதற்கு மிக நல்லது. விற்பவர் சொல்லும் உச்ச வலுவைப் பாதியாக எடுத்துக்கொண்டால் நீண்டகாலம் உழைக்கும்.

கம்பியும் எதிர்க்கம்பியும்

ரியூனரின் கீழே ஒரு திருகாணி இருக்கும். அதைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். கம்பிக்குள் பாயும் மின்னோட்டத்துக்குச் சமமான மின்னோட்டம் மறுபுறத்தில் எதிலாவது பாய்ந்தேயாக வேண்டும். அதற்கென எதிர்க்கம்பிகளைக் கட்டாவிட்டால் அது கேபிளின் வெளியுறையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் இறங்கும். மைக்கைத் தொட்டால் உதடு சுடும். கணினி உறையும். அயல்வீட்டு ஒலிபெருக்கியில் உங்கள் குரல் பேசும். பல்கனியில் இருப்போர் உலோகக் கைப்பிடியையும், அதனுடன் நான்கைந்து மீற்றர் நீளமான சில கம்பிகளையும் அத்திருகாணியில் இணைக்கலாம். கேபிளை பெரைற் வளையத்தில் பத்துச் சுற்றளவு சுற்றிவிட்டால் வீட்டுக்குள் இறங்குவது பெருமளவு அடங்கும்.

கம்பியின் நீளத்திலும் நன்மை தீமை உண்டு. அரையலை நீளமாகவோ அதன் மடங்காகவோ அமைந்தால் வழியூட்டும் முனையில் தடங்கல் ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு ஏறும். ரியூனர் தத்தளிக்கும். 7 மெகாஹேர்ட்ஸில் பேச விரும்புவோர் 20 மீற்றரையும், 14 மெகாஹேர்ட்ஸில் பேச விரும்புவோர் 10 மீற்றரையும் தவிர்க்க வேண்டும். 8.8 மீற்றர், 12.5 மீற்றர் ஆகியவை அமெச்சூர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் நீளங்கள்.

மிகக் குறுகிய கம்பிக்கு ரியூனர் மருந்தல்ல. மூன்று மீற்றர்க் கம்பியை 3.5 மெகாஹேர்ட்ஸில் இசைவித்தால் அலையாக வெளியேறும் வலுவுக்குரிய தடை அரை ஓம் அளவே. நிலமும் தூண்டியும் காட்டும் இழப்புத் தடை பத்து, இருபது ஓம். மானி ஒன்றைக் காட்டும், வலுவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெப்பமாகும். குறுகிய இடமுடையோர் 14, 21, 28 மெகாஹேர்ட்ஸ் பட்டைகளை முதலில் நாடுவதே நன்று.

கம்பி கட்டும்போது மின்விநியோகக் கம்பிகள் அருகில் இல்லாதிருப்பதை உறுதிசெய்யுங்கள். அலைபரப்பும் வேளையில் கம்பியின் நுனியில் உயர்ந்த அழுத்தம் நிற்கும். பிள்ளைகளின் கை எட்டும் தூரத்தில் அது இருக்கலாகாது.

இசைவிக்கும் ஒழுங்கு

பொத்தானை அழுத்துமுன் காதைப் பயன்படுத்துங்கள். அந்த மீடிறனில் வேறெவரும் இருக்கிறார்களா என்று கேட்டு, பின் குரலால் வினவி, உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லுங்கள். வேறொருவரின் உரையாடல்மீது விழும் இசைவிப்பு ஓசையைப்போல எரிச்சலூட்டுவது பட்டையில் வேறில்லை.

வலுவைப் பத்து வாற் அளவுக்குக் குறையுங்கள். குரல்முறையில் மைக்குக்குள் விசிலடித்து இசைவிக்க முயலாதீர்கள். ரியூனருக்கு மாறாத வலு வேண்டும். ஏ.எம்., எப்.எம். அல்லது மோர்ஸ் முறையில் ஒரே சீரான அலையைக் கொடுத்துப் பொத்தானை அழுத்துங்கள். தேடல் முடிந்தபின்னரே வலுவைக் கூட்டுங்கள். முழு வலுவில் ரிலேக்களைத் தேடவிட்டால் ஒவ்வொரு சொடுக்கிலும் தொடுகைகள் தீப்பொறி விட்டுக் கருகும்.

1.5 கிடைத்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே திரும்புவது நான்கு வீதம் மட்டும். அதை 1.0 ஆக்கவென்று மீண்டும் மீண்டும் அழுத்துவது ரிலேயின் ஆயுளைச் செலவிட்டு எண்ணை அழகுபடுத்துவதாகும். தாழ்ந்த பட்டைகளில் சிறிது நகர்ந்தாலும் மறுபடி இசைவிக்க வேண்டிவரும். மழையும் பனியும் விழுந்த நாட்களில் நினைவிலிருக்கும் நிலை சற்றுப் பிசகும்.

வாங்கிய அன்றே இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலில் 50 ஓம் பொய்ச்சுமையை ரியூனருடன் இணைத்துப் பாருங்கள். ஏறக்குறைய எதையும் மாற்றாமலே 1 காட்ட வேண்டும். அடுத்து, முதியவர் செய்ததைப்போலக் கேபிளின் நுனியில் கம்பியைக் கழற்றிவிட்டுக் குறைந்த வலுவில் இசைவியுங்கள். அப்போதும் ரியூனர் ‘சரி’ என்றால் உங்கள் மானியை அன்றுமுதல் நம்பாதீர்கள்.

நம்பவேண்டியது தொலைவிலுள்ள காதுகளை. நெதர்லாந்தின் ருவென்ரே பல்கலைக்கழகத்திலுள்ள இணைய வானொலி வாங்கி எவரும் கேட்கத் திறந்திருக்கிறது. உங்கள் குரல் அங்கே எப்படி வந்து சேர்கிறது என்பதை நீங்களே கேட்கலாம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ ரெய்லர் 2008இல் வெளியிட்ட விஸ்பர் முறையும் உண்டு. ஒரு வாற்றிலும் குறைந்த வலுவில் அனுப்பிய குறியை எந்தெந்த நாடுகள் கேட்டன என்று அது பட்டியலிடும். மானி பொய் சொல்லலாம், ஆயிரம் மைலுக்கு அப்பால் கேட்டவர் பொய் சொல்வதில்லை.

அனுமதியும் எல்லையும்

அனுமதிப்பத்திரமின்றி அலைபரப்புவது எந்த நாட்டிலும் குற்றம். தஞ்சம் கோரி நிற்போருக்கு அது இரட்டிப்பு ஆபத்து. ஆனால் பரீட்சை முன்புபோல் கடினமானதல்ல. சிற்றலைக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003ஆம் ஆண்டு மாநாட்டுடன் நீங்கியது. ஜேர்மனியில் 2024 ஜூன் முதல் ‘என்’ என்ற தொடக்க வகுப்பு உண்டு. 28 மெகாஹேர்ட்ஸ் பட்டையும் அதற்குள் அடங்கும், ஆனால் கதிர்வீச்சு வலு 10 வாற்றுக்குள் இருக்க வேண்டும். அதே நாட்டில் நிலையான நிலையமொன்றிலிருந்து அந்த அளவோ அதற்கு மேலோ வலுவுடன் அலைபரப்புவோர் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். கனடாவில் அடிப்படைப் பரீட்சையில் 80 வீதம் பெற்றால் சிற்றலையும் திறக்கும். அமெரிக்காவில் வெளிநாட்டு அரசொன்றின் பிரதிநிதி அல்லாத எவரும் பரீட்சை எழுதலாம், குடியுரிமை கேட்கப்படுவதில்லை. ஏனைய நாடுகளில் இருப்போர் உள்ளூர்க் கழகத்தை அணுகினால் தெளிவு கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்போர் கம்பி கட்டுமுன் வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் பெறுவது நல்லது.

அமெச்சூர் அலைகளில் வியாபாரம் பேசலாகாது. பொதுமக்களுக்கு ஒலிபரப்பு நடத்தலாகாது. பொருளை மறைக்கும் சங்கேதமும் ஆகாது. தமிழில் பேசலாம், அது சங்கேதமல்ல.

கேட்டது ஒரு குரல்

அண்ணர் தனது ரியூனரை விற்றார், செற்றை விற்கவில்லை. கிடைத்த பணத்துடன் சிறிது சேர்த்துக் கூரையில் வைக்கக்கூடிய பழைய ரியூனர் ஒன்றை வாங்கினார். கம்பியை 8.8 மீற்றராக வெட்டினார். நான்கு எதிர்க்கம்பிகளைக் கட்டினார். கேபிளைப் பெரைற் வளையத்தில் சுற்றினார். ஊரில் ஒட்டுவேலை செய்த அதே கை, நான்கு மாடிக்கு மேலே, குளிரில், ஒவ்வொரு இணைப்பையும் மழை புகாதபடி நாடாவால் சுற்றியது.

ஞாயிறு பிற்பகல் ஒன்றில் 28 மெகாஹேர்ட்ஸில் அழைத்தார். மூன்றாவது அழைப்புக்குக் கனேரி தீவுகளிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். பேசியது அழைப்புக்குறி, பெயர், வானிலை, இவ்வளவே. ஒரு நிமிடம் நீடித்திருக்கும். அண்ணர் அந்த நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதும்போது கை நடுங்கியதை நாம் கண்டோம்.

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, டெல்லியைச் சேர்ந்த அமெச்சூரான பாரதி பிரசாத் அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தார். பொழுதுபோக்காக அலைபரப்ப அங்கு சென்றிருந்தவர், தொடர்புகள் அறுந்த தீவுகளிலிருந்து செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுசெல்லும் வழியானார். அன்று அங்கே கேட்கத்தக்க ஒரு நிலையம் ஆயத்தமாக இருந்தது என்பதே முக்கியம். ஆயத்தம் என்பது இடர் வந்த பின்னர் பொத்தானை அழுத்திப் பெறக்கூடியதல்ல.

ரியூனர் வாங்க நினைப்போருக்கு நாம் சொல்வது இதுதான். பணத்தின் பெரும்பகுதியைக் கம்பிக்கும் கேபிளுக்கும் எதிர்க்கம்பிக்கும் ஒதுக்குங்கள். ரியூனரைக் கம்பிக்கு எவ்வளவு அருகில் வைக்கமுடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். எட்டு மாதங்கள் பதில் வராவிட்டால் உங்கள் குரலில் குறை தேடாதீர்கள். கூரைக்கு ஏறிக் கம்பியைக் கழற்றிவிட்டு வந்து, ரியூனர் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.